சாவியை ஒளிச்சு வச்சா ஆச்சா? அது வாயை யாரு மூடுறது?

"கார் சாவியை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள், நவீனத் திருடர்கள் உஷார்!" அப்படின்னு ஒரு வாட்சப் சேதி ஊர் ஊரா சுத்திக்கிட்டே இருக்கு. எங்க பொதட்டூர்பேட்டை குழுக்கள்லயும் மாசத்துக்கு ஒரு தடவை யாராச்சும் ஒரு புண்ணியவான் அதை எடுத்துப் போடுவாரு. கீழே நாலு கும்பிடு, ரெண்டு கட்டை விரல். அதோட மேட்டர் ஓவர்.

எனக்கு அந்தச் சேதி மேல கோவம் இல்லைங்க. அதுல இருக்கிறது பாதி உண்மைதான். அதுக்குப் பின்னாடி இருக்கிற நினைப்பு மேலதான் கோவம். "கார் போச்சா? நீ சாவியை ஒழுங்கா வச்சிருக்க மாட்டே." பத்துப் பதினஞ்சு லட்சம் வாங்கிக்கிட்டு ஓட்டைப் பூட்டை வித்தவன் நல்லவன், கடன் போட்டு வாங்கினவன் கவனக்குறைவான ஆளு. இந்த நியாயத்தைத்தான் இன்னைக்கு கொஞ்சம் பிரிச்சு மேயலாம்னு இருக்கேன்.

முதல்ல நம்ம வீட்டுக் கதை.

நம்ம ஊர்ல சாவியை பத்திரமா வைக்கிறதுன்னா என்ன? ஒளிச்சு வைக்கிறது. வாசல் மாடம், மீட்டர் பெட்டி மேலே, துளசிச் செடிக்குக் கீழே, அரிசி டப்பாவுக்குள்ளே. மாமியார் இடுப்புல இருந்து மருமக இடுப்புக்கு சாவிக்கொத்து மாறுறதுதான் ஒரு வீட்டோட ஆட்சி மாற்றம். சாவி கண்ணுல படலைன்னா திருடன் கையில படாது, அவ்ளோதான் தத்துவம். பல தலைமுறைக்கு இது சரியாத்தான் இருந்துச்சு. ஏன்னா அந்தச் சாவி பேசாது. பூட்டுக்குள்ள போய் திருப்பினாத்தான் அதுக்கு உயிர்.

இப்ப கார் கம்பெனிக்காரன் குடுக்கிற சாவி பேசுது. பாக்கெட்ல வச்சிக்கிட்டு பக்கத்துல போனா கதவு திறக்குது. உள்ள உக்காந்து பொத்தானை அமுக்கினா வண்டி ஓடுது. "ஸ்மார்ட் கீ"ன்னு பேரு. ஒரு காலத்துல பென்ஸ், பி.எம்.டபிள்யூ ஆளுங்களுக்கு மட்டும் இருந்தது, இப்ப ஸ்விஃப்ட், ஐ20 மேல் மாடல்லயே வந்தாச்சு. எங்க ஊர் விசைத்தறி ஓனர்ங்க, வாத்தியாருங்க, திருப்பதிக்கு சவாரி அடிக்கிறவங்க வரைக்கும் வச்சிருக்காங்க.

இந்த மாதிரி கார் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு சாவி வருது. ஒண்ணு ஓனர் பாக்கெட்ல. இன்னொண்ணு எங்க இருக்கும்னு நான் சொல்லவா? வாசக்கதவுக்கு உள்பக்கம் ஆணியில. இல்லன்னா டிவி ஸ்டாண்டு மேல. கொஞ்சம் பக்தி உள்ள வீடுன்னா திருத்தணி முருகன் படத்துக்குக் கீழே, விபூதித் தட்டுல. ரொம்ப ஜாக்கிரதையான ஆளுன்னா பீரோவுல, பட்டுப்புடவைக்கு நடுவுல. இன்னும் சில மகானுபாவர்கள் இருக்காங்க, ஸ்பேர் சாவியை கார் டேஷ்போர்டுக்குள்ளேயே போட்டு வச்சிருப்பாங்க. "அவசரத்துக்கு ஆகும்ல". ஆமா, அவசரம் திருடனுக்குத்தானே!

இப்ப எங்க ஊர்த் தெருவை நினைச்சுப் பாருங்க. நெசவாளர் வீடுகள், ஒண்ணோட ஒண்ணு சுவர் ஒட்டி நிக்கும். போர்ட்டிகோ, கேட்டு, தோட்டம் எல்லாம் கிடையாது. வீட்டு வாசப்படி, அதை ஒட்டி சாக்கடை, அதை ஒட்டி கார். ஆணியில தொங்குற சாவிக்கும் கார் கதவுக்கும் நடுவுல ஒரு சுவரும் நாலைஞ்சு அடியும்தான். ராத்திரி தறி ஓடுற சத்தத்துல கார் கிளம்புறது எவன் காதுல விழப்போகுது? எங்க ஊர்ல இப்படி ஒரு கார் போச்சுன்னு நான் சொல்லவரல. போகணும்னா இதைவிட வசதியான இடம் கிடையாதுன்னு சொல்றேன். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். நகரி, புத்தூர், ரேணிகுண்டான்னு ரோடு நீட்டா போவுது. நீங்க எழுந்து பல்லு விளக்குறதுக்குள்ள வண்டி வேற மாநிலம், வேற போலீஸ், வேற பாஷை.

சரி, அந்தச் சாவி எப்படித்தான் பேசுது? (டெக்னிக்கல் அலர்ஜி உள்ளவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போகலாம். ஆனா போகாதீங்க, மேட்டரே இங்கதான் இருக்கு.)

கார்தான் முதல்ல கூப்பிடும். கதவுக் கைப்பிடியில கை வச்சதும் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில "ஏம்ப்பா சாவி, பக்கத்துல இருக்கியா?"ன்னு ஒரு சின்னக் குரல். இந்தக் குரல் வேணும்னே ரொம்பச் சன்னமா வச்சது, ஒண்ணு ரெண்டு மீட்டர் தாண்டாது. அதைக் கேட்டா சாவி முழிச்சுக்கிட்டு, 433 மெகாஹெர்ட்ஸ் மாதிரி வேற ஒரு அலையில "இருக்கேன், இதான் என் ரகசியக் கணக்கு"ன்னு பதில் சொல்லும். இந்தப் பதில் நல்லா தூரம் போகும். கணக்கு சரியா வந்தா கதவு திறக்கும். அந்தக் கணக்கு ஒவ்வொரு தடவையும் மாறும், உடைக்கிறது லேசு இல்ல. இதுவரைக்கும் கம்பெனிக்காரன் கெட்டிக்காரன்தான்.

கோட்டை விட்டது எங்கன்னா, "குரல் கேட்டுச்சுன்னா ஆளு பக்கத்துலதான் இருக்கான்"னு நம்பினதுல. திருடன் கணக்கை உடைக்கவே போறதில்ல. ரெண்டு பேர் வரான், ஆளுக்கொரு பெட்டி. ஒருத்தன் கார் கிட்ட நிக்கிறான், இன்னொருத்தன் உங்க வீட்டுச் சுவர் கிட்ட நிக்கிறான். காரோட சன்னக் குரலை முதல் பெட்டி வாங்கி ரெண்டாவது பெட்டிக்கு அனுப்புது. அது சுவரைத் தாண்டி உள்ள சத்தமா கேக்குது. ஆணியில தொங்குற சாவி "முதலாளி கூப்பிடுறார்"னு நினைச்சு பதில் சொல்லிடுது. கதவு திறக்குது, இன்னொரு தடவை அதே நாடகம், இஞ்சின் ஓடுது. கண்ணாடி உடையல, அலாரம் கத்தல. பாதி வழியில சாவி இல்லைன்னு தெரிஞ்சா கூட ஓடுற வண்டியை நடுரோட்டுல நிறுத்துறது ஆபத்துன்னு கார் இஞ்சினை அணைக்காது, சும்மா ஒரு எச்சரிக்கை காட்டும், அவ்ளோதான். இதுக்குப் பேருதான் ரிலே திருட்டு. சாவியை யாரும் தொடவே இல்ல பாருங்க. நீங்க பட்டுப்புடவைக்கு நடுவுல வச்சா என்ன, அரிசி டப்பாவுல வச்சா என்ன? அலைக்கு புடவையும் ஒண்ணுதான், செங்கல்லும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். ஸ்பேர் சாவியை யாரும் தொடறதில்ல, அதனால தூங்குதுன்னு நினைக்கிறோம். பெரும்பாலான சாவிகள் தூங்காது. நீங்க தினமும் எடுத்துட்டுப் போற சாவியாவது பகல்ல உங்ககூட ஊர் சுத்துது. ஸ்பேர் சாவி வருஷம் முழுக்க, ராத்திரி பகல் பார்க்காம, வீட்டுல ஒரே இடத்துல உக்காந்துக்கிட்டு கூப்பிடுறவனுக்கெல்லாம் பதில் சொல்லத் தயாரா இருக்கு.

"இதெல்லாம் புதுசா கண்டுபிடிச்சது, கம்பெனிக்காரனுக்கு எப்படித் தெரியும், பாவம்"னு யாராச்சும் வக்காலத்து வாங்குவீங்க. வாங்காதீங்க. ஸ்விட்சர்லாந்து சூரிச் நகரத்து இ.டி.எச். பல்கலைக்கழகத்துல மூணு ஆராய்ச்சியாளர்கள் 8 கம்பெனிகளோட 10 கார் மாடல்களை எடுத்து சோதிச்சாங்க. பத்தும் அவுட். அதை 2011-லயே மாநாட்டுல கட்டுரையா படிச்சு, ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்க. அதுல தீர்வும் இருந்தது: குரல் கேட்டுச்சான்னு பார்க்காதே, பதில் வர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு அள. ரேடியோ அலை ஒரு நானோ செகண்டுக்கு 30 சென்டிமீட்டர்தான் போகும், நடுவுல பெட்டி வச்சு சுத்த விட்டா நேரம் கூடும், பொய் தெரிஞ்சுடும்.

இப்ப கணக்கு போடுங்க, 2011-ல இருந்து எத்தனை வருஷம் ஆச்சு?

அதுக்கப்புறம் ஜெர்மனியோட வாகன ஓட்டிகள் சங்கம் ஏ.டி.ஏ.சி. 2016-ல இருந்து நூத்துக்கணக்கான மாடல்களை இதே மாதிரி பெட்டி வச்சு சோதிச்சுக்கிட்டே வருது. மிகப் பெரும்பாலானவை தோத்துப் போச்சு. 2017 நவம்பர்ல இங்கிலாந்துல வெஸ்ட் மிட்லாண்ட்ஸ் போலீஸ் ஒரு வீடியோ வெளியிட்டாங்க. சோலிஹல் ஊர்ல ஒரு வீட்டு வாசல்ல ரெண்டு பேர், கையில பெட்டி, ஒரு நிமிஷம் சுமாருக்கு ஒரு பென்ஸ் கார் காலி. பூட்டை உடைக்கிற சத்தம் கூட இல்லாம கோயில் பிரகாரம் சுத்துற மாதிரி நிதானமா எடுத்துட்டுப் போறாங்க. உலகமே பார்த்துச்சு. கம்பெனிக்காரன் மட்டும் பார்க்கல போல.

நம்ம ஜனங்க நிறைய இருக்கிற டொராண்டோ பக்கம் போவோம். ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன்ல இருக்கிற சொந்தக்காரங்களைக் கேட்டுப் பாருங்க, கார் திருட்டு பத்தி ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க. திருட்டு முத்திப் போய் 2024 பிப்ரவரியில கனடா அரசாங்கம் ஆட்டவாவுல இதுக்குன்னே ஒரு தேசிய மாநாடு போட்டுச்சு. அதே சமயத்துல டொராண்டோ போலீஸ்காரர் ஒருத்தர் ஒரு பொதுக்கூட்டத்துல சொன்ன அறிவுரை உலகப் பிரசித்தி ஆச்சு. என்ன சொன்னார்? திருடன் கார் சாவிக்காக வீட்டுக்குள்ள புகுந்து உங்களை அடிக்காம இருக்கணும்னா சாவியை வாசக்கதவு கிட்டயே வச்சிடுங்கன்னார்! ஒரு பக்கம் "கதவு கிட்ட வைக்காதே, பெட்டி வச்சு திருடுவான்". இன்னொரு பக்கம் "கதவு கிட்டயே வை, இல்லன்னா உள்ள வந்து உதைப்பான்". காசு குடுத்து கார் வாங்கினவன் எங்கதான்யா வைப்பான் சாவியை, தலையிலயா?

அந்தப் போலீஸ்காரரைக் கிண்டல் பண்றது ஈஸி. மீம்ஸ் போட்டு மகிழ்ந்தாச்சு. ஆனா அவர் வாயில வந்தது இந்த மொத்த ஏற்பாட்டோட லட்சணம். பூட்டு தோத்துப் போனா, பூட்டு செஞ்சவனை விட்டுட்டு சாவி வச்சிருக்கிறவனுக்கு வகுப்பு எடுக்கிறது.

இப்ப நம்ம பக்கம். 2025 ஜூன்ல சென்னை அண்ணா நகர் பக்கம் வீட்டு வாசல்ல நின்ன சொகுசுக் கார் ராத்திரியோட ராத்திரியா போச்சு. சி.சி.டி.வி. பார்த்து திருமங்கலம் போலீஸ் தேடி, புதுச்சேரியில ராஜஸ்தான்காரர் ஒருத்தரைப் பிடிச்சாங்க. எம்.பி.ஏ. படிச்சவராம். வருஷக்கணக்கா பல மாநிலத்துல கார் தூக்கினதே தொழில்னு போலீஸ் சொன்னதா பேப்பர்ல எல்லாம் வந்தது. டெல்லி பக்கம் இன்னும் மோசம். அங்க போலீஸ் திரும்பத் திரும்பப் பிடிக்கிற கும்பல்கள்கிட்ட கிடைக்கிறது சாவிக்கு நிரல் போடுற கருவி. கதவை எப்படியோ திறந்து, ஸ்டீரிங்குக்குக் கீழே மெக்கானிக் கம்ப்யூட்டர் மாட்டுற ஓ.பி.டி. துளை இருக்கு பாருங்க, அதுல செருகி, தான் கொண்டு வந்த வெறும் சாவியை "நானும் இந்த வீட்டுப் பிள்ளைதான்"னு காருக்கு அறிமுகப்படுத்திடுறாங்க. கொஞ்ச நேரத்துல மூணாவது சாவி ரெடி.

இதுக்கும் மேல ஒண்ணு. 2023-ல வெளிய வந்த சங்கதி: லண்டன்ல ஒரு கார் பாதுகாப்பு ஆராய்ச்சியாளரோட டொயோட்டா காரையே தூக்கிட்டாங்க. முன்பக்க லைட்டைக் கழட்டி, அதுக்குப் போற ஒயர்ல கருவியை மாட்டி, "சாவி சரியாத்தான் இருக்கு, கதவைத் திற"ன்னு கார் கம்ப்யூட்டருக்கு பொய்ச் சேதி அனுப்புற முறை. சாவி சந்திர மண்டலத்துல இருந்தாலும் கார் போயிடும்.

உடனே ஒருத்தர் கை தூக்குவார். "அப்ப என்னய்யா? நம்ம நாட்டுல ரிலேவை விட இந்தக் கருவித் திருட்டுதான் அதிகம்னு நீயே சொல்ற. அப்புறம் சாவியை எப்படி வச்சா என்ன?"

நியாயமான கேள்வி. ரெண்டு பதில் இருக்கு. ஒண்ணு, ஒரு ஓட்டை பெருசா இருக்குன்னு இன்னொரு ஓட்டையை திறந்து போடறது புத்திசாலித்தனம் இல்ல. ரிலே திருட்டை மட்டும்தான் நீங்க காசே செலவு பண்ணாம வீட்டுல உக்காந்துக்கிட்டு தடுக்க முடியும். ரெண்டாவது பதில்தான் முக்கியம். நிறைய பேர் யோசிக்காதது. கார் போன பிறகு அந்த ஸ்பேர் சாவிதான் உங்க சாட்சி.

கார் திருடு போய் இன்சூரன்ஸ்ல கேட்டா என்னென்ன கேப்பாங்க தெரியுமா? எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி., கண்டுபிடிக்க முடியலைன்னு போலீஸ் குடுக்கிற அறிக்கை, ஆர்.டி.ஓ. பாரங்கள்... கூடவே ரெண்டு சாவி. ஒரிஜினல். ரெண்டும். ஒண்ணு குறைஞ்சா உடனே பார்வை மாறும். "இன்னொண்ணு எங்க? நீங்களே யார்கிட்டயாவது குடுத்துட்டு வந்து நாடகம் ஆடுறீங்களா?" கண்ணாடியும் உடையல, அலாரமும் அடிக்கல, சாவியும் ஒண்ணு குறையுதுன்னா, திருட்டுக் குடுத்தவன்தான் குத்தவாளிக் கூண்டுல நிக்கணும். பாலிசியில ஒரு நிபந்தனை வேற இருக்கு, வண்டியைப் பாதுகாக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் ஓனர் எடுக்கணும்னு. "நியாயமான"ங்கிற வார்த்தைக்கு அர்த்தம் சொல்லப்போறது யாரு? பணம் குடுக்க வேண்டியவனே!

இதுல சுப்ரீம் கோர்ட் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கு. லாரி டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டுட்டு இறங்கிப் போக, லாரி திருடு போன ஒரு வழக்கு. கவனக்குறைவுன்னு நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கையை விரிச்சது. 2023-ல தீர்ப்பு: மொத்தமா இல்லைன்னு சொல்லக் கூடாது, 75 சதவீதம் குடு. சந்தோஷம். ஆனா யோசிங்க. இதுக்காக ஒரு மனுஷன் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போகணும். டெல்லிக்குப் போக எல்லாராலயும் ஆகுமா? நம்மாளு திருவள்ளூர் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு நாலு வாய்தா நடந்தாலே செருப்பு தேஞ்சு மனசும் தேஞ்சுடும்.

ஆக ஸ்பேர் சாவிக்கு ரெண்டு வேலை. திருடன் கூப்பிடும்போது வாயை மூடிக்கிட்டு இருக்கணும். இன்சூரன்ஸ்காரன் கேக்கும்போது "நான் இங்கதான் இருந்தேன்"னு ஆஜர் ஆகணும். பத்திரமா வைக்கிறதுன்னா இந்த ரெண்டும் சேர்ந்துதான். ஒளிச்சு வைக்கிறது ரெண்டாவதுக்கு மட்டும்தான் உதவும்.

இதைச் சொல்ல வேண்டியது யாரு? வித்தவன்தானே? கார் டெலிவரி எடுக்கிற அழகைப் பார்த்திருப்பீங்க. ஆளுயர அட்டைச் சாவி, மாலை, கேக்கு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், குடும்பத்தோட போட்டோ. திருத்தணி மலையடிவாரத்துல பூஜை. ஏ.சி. எப்படிப் போடுறது, போன்ல பாட்டு எப்படிக் கேக்கிறதுன்னு அரைமணி நேரம் பாடம். சாவி பத்தி? ரெண்டையும் ஒரே கவர்ல போட்டு "பத்திரமா வச்சுக்குங்க சார்". அவ்ளோதான். தெரிஞ்சவர் ஒருத்தர் வண்டி எடுக்க கூடப் போயிருந்தப்ப, "தம்பி, இந்த தானா திறக்கிற வசதியை அணைச்சு வைக்க முடியுமா?"ன்னு விற்பனைப் பையன்கிட்ட கேட்டேன். பாவம், அவன் முகத்துல அப்படி ஒரு குழப்பம். "சார், அதுக்காகத்தானே சார் டாப் மாடலே எடுக்கிறாங்க?"

அவன் மேல தப்பில்ல. அவனுக்குச் சொல்லிக் குடுத்தது அவ்ளோதான். அணைக்கிற வழி பல கார்ல இருக்கு, கையேட்டுல முன்னூறு பக்கம் தாண்டி எங்கயோ இங்கிலீஷ்ல பொடி எழுத்துல புதைச்சு வச்சிருக்காங்க. டொயோட்டா சாவிகள்ல பூட்டு பொத்தானை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு திறக்கிற பொத்தானை ரெண்டு தடவை தட்டினா சாவி தூங்கிடும். விளக்கு நாலு தடவை மினுக்கும். மறுபடி ஏதாவது பொத்தானை அமுக்கினா முழிச்சுக்கும். கையேட்டுல இதை "பேட்டரி மிச்சம் பிடிக்க"ன்னு எழுதியிருக்கான். திருட்டைத் தடுக்கன்னு எழுதினா ஓட்டை இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே! சாமர்த்தியம்.

"ஜனங்க வசதி கேட்டாங்க, நாங்க குடுத்தோம்"ங்கிறது கம்பெனியோட பழைய பல்லவி. வசதியும் பாதுகாப்பும் சேர்த்தே குடுக்கலாம், குடுத்தும் இருக்காங்க. அசையாம கிடந்தா தானா தூங்கிடுற சாவி ஃபோர்டு 2019-லயே சாதாரண ஃபியஸ்டாவுக்கு ஐரோப்பாவுல குடுத்தது. உள்ள வைக்கிறது ஒரு அசைவு உணரும் சில்லு, நம்ம எல்லார் செல்போன்லயும் கிடக்கிற சமாச்சாரம். சூரிச்காரங்க சொன்ன நேரத்தை அளக்கிற முறையும் யு.டபிள்யூ.பி.ன்னு ஜாகுவார் லேண்ட் ரோவர், பி.எம்.டபிள்யூ வண்டிகள்ல வந்தாச்சு. அப்ப தெரியாம இல்ல, முடியாம இல்ல. விலை ஏறினவனுக்குப் பூட்டு, மத்தவனுக்கு அலுமினியத் தாள்.

சட்டம் போட்டா நடக்குமான்னு கேக்கிறவங்களுக்கு ஒரு உதாரணம். சாவியில இருக்கிற சில்லு சரியா இருந்தாத்தான் இஞ்சின் ஓடணும்கிற இம்மொபிலைசரை கனடா 2007-ல கட்டாயம் ஆக்குச்சு. அமெரிக்கா ஆக்கல. விளைவு? ஹூண்டாய், கியா ரெண்டும் அமெரிக்காவுல வருஷக்கணக்கா அது இல்லாம சாவி திருப்புற மாடல்களை வித்தாங்க. 2021, 2022-ல சின்னப் பசங்க வீடியோ பார்த்து யூ.எஸ்.பி. முனையை வச்சுத் திருப்பி ஓட்டிட்டுப் போனானுங்க. கடைசியில வழக்கு, கோடிக்கணக்கான டாலர் சமரசம். அதே கம்பெனி, கனடாவுல அந்த ஓட்டை இல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் சட்டம் இருந்தது, அவ்ளோதான் வித்தியாசம். அதே கனடா அந்தச் சட்டத்தைக் காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்தாம விட்டதுக்குத்தான் பின்னாடி மாநாடு போட வேண்டி வந்தது.

சரி, சட்டம் வர்ற வரைக்கும் நம்ம வண்டி தெருவுலதானே நிக்குது? அதனால வேலை:

1. ஸ்பேர் சாவியில இருந்து பேட்டரியைக் கழட்டிடுங்க. பெரும்பாலும் சி.ஆர். 2032ன்னு ஒரு வட்டக் காசு. பேட்டரி இல்லைன்னா அது வாய் பேசாது. ஆனா சாவி செத்துப் போகல. உள்ள ஒளிஞ்சிருக்கிற இரும்புச் சாவியை உருவி கதவைத் திறக்கலாம், சாவியை ஸ்டார்ட் பொத்தான் மேல ஒட்டினாப்புல வச்சா பெரும்பாலான கார்ல இஞ்சினும் ஓடும். உங்க காருக்கு எங்க வைக்கணும்னு கையேட்டைப் பார்த்து, ஒரு தடவை பகல்ல ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் எடுத்து வைங்க. கழட்டின பேட்டரியை மடிச்ச காகிதத்துல சுத்தி அதோடயே வைங்க. குழந்தைங்க கைக்கு எட்டக் கூடாது, விழுங்கினா உயிருக்கே ஆபத்து.

2. தினமும் எடுக்கிற சாவி ராத்திரியில மூடி இறுக்கமான இரும்பு டப்பாவுல. டப்பாவோ, கடையில விக்கிற பையோ, எதையும் நம்பாதீங்க, சோதிங்க. சாவியை உள்ள போட்டு மூடி, டப்பாவோட கார் கதவு கிட்ட போய் கைப்பிடியை இழுங்க. திறந்துச்சுன்னா டப்பா வேஸ்ட். பை நாள்பட்டா மடிப்புல கிழியும், அதனால ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மறுபடி சோதனை. பீரோவும் இப்படித்தான், இடுக்கு இருந்தா அலை போகும். மைக்ரோவேவ் அடுப்புல வைக்கச் சொல்றவன் பேச்சைக் கேக்காதீங்க, காலையில வீட்டம்மா பால் சுட வச்சா சாவியும் போச்சு அடுப்பும் போச்சு.

3. ஸ்பேர் சாவியை காருக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. டிரைவர், மெக்கானிக், கார் கழுவுற பையன்னு கை மாறினா எழுதி வைங்க. திருட்டுப்பட்டம் கட்ட இல்லைங்க, நாளைக்குக் கேள்வி வந்தா அவங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

4. பழைய கார் வாங்கும்போது "இன்னொரு சாவி தொலைஞ்சு போச்சுங்க"ன்னு சொன்னா தலையாட்டிட்டு வராதீங்க. அந்தச் சாவி எவன்கிட்டயோ உயிரோட இருக்கு. சர்வீஸ் சென்டர்ல எத்தனை சாவி பதிவாகியிருக்குன்னு பார்க்கச் சொல்லி, உங்க கையில இல்லாததை எல்லாம் அழிக்கச் சொல்லுங்க.

5. சாவி தொலைஞ்சா அன்னைக்கே ஸ்டேஷன்ல புகார் குடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க, இன்சூரன்ஸுக்கு எழுத்துல தெரிவிங்க. கார் போன பிறகு "போன வருஷமே தொலைஞ்சது"ன்னா எவனும் நம்ப மாட்டான்.

6. ஸ்டீரிங்ல மாட்டுற இரும்புப் பூட்டு ஒண்ணு. பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும். அந்த அசிங்கம்தான் வேணும். கருவி கொண்டு வர்றவனும் அதை அறுக்கணும்னா பக்கத்து வண்டியைப் பார்ப்பான். ஓ.பி.டி. துளைக்கும் பூட்டு கிடைக்குது.

இதெல்லாம் நம்ம வேலை, பண்ணுவோம். ஆனா இதைப் பண்ணாதவன் கார் போனா "உன் தப்பு"ன்னு சொல்ற உரிமை யாருக்கும் கிடையாது. ஏன்னா இந்த ஆறு வேலையும் கம்பெனி விட்ட ஓட்டைக்கு நாம போடுற ஒட்டு. பதிலுக்கு நாம கேக்க வேண்டியது மூணுதான்.

கம்பெனிகளே, தானா திறக்கிற வசதி வேணாம்னா அணைக்க எல்லா மாடல்லயும் வழி வைங்க. அசையாத சாவி தூங்கணும், அதுக்கு டாப் மாடல் வாங்க வைக்காதீங்க. அட்டைச் சாவி குடுத்து போட்டோ எடுக்கிற நேரத்துல ரெண்டு நிமிஷம் ஒதுக்கி, நிஜச் சாவி எப்படித் தூங்கும்னு தமிழ்ல சொல்லுங்க. எங்க பக்கம்னா தெலுங்குலயும் சொல்லுங்க.

இன்சூரன்ஸ்காரங்களே, ரெண்டு சாவி கேளுங்க, தர்றோம். ஆனா எந்தெந்த மாடல் எந்தெந்த வழியில திருடு போகுதுன்னு உங்ககிட்ட கணக்கு இருக்கு. அதை வெளியிடுங்க. ஓட்டை வண்டி எதுன்னு வாங்குறதுக்கு முன்னாடி எங்களுக்குத் தெரியணும்.

அரசாங்கமே, விபத்துல கார் எப்படித் தாங்குதுன்னு நட்சத்திரம் குடுக்க 2023-ல பாரத் என்கேப் ஆரம்பிச்சீங்க. அதுக்கப்புறம் ஷோரூம்ல "எத்தனை ஸ்டார்?"னு கேக்காத ஆளே இல்ல. அதே மாதிரி பூட்டுக்கும் மார்க் போடுங்க. ரெண்டு பெட்டி வச்சு ஒரு சோதனை, பாஸா ஃபெயிலான்னு கண்ணாடியில ஒட்டுங்க. மத்ததை ஜனங்க பார்த்துப்பாங்க.

அதுவரைக்கும் எங்க ஊர் நெசவாளி ஒரு சேலையில ஒரு இழை அறுந்தாலும் கூலியில பிடிப்பாங்க. பத்து லட்சத்துக்கு வண்டி விக்கிறவன் பூட்டே அறுந்து கிடந்தாலும் அவனை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. இது என்ன நியாயம்னு யாராச்சும் விளக்குங்கப்பா.

டிஸ்கி: "என்கிட்ட இருக்கிறது சாவி போட்டுத் திருப்புற பழைய வண்டிதானே, எனக்கென்ன"ன்னு சிரிக்கிற மக்களே, அலைத் திருட்டு உங்களுக்கு இல்ல, உண்மைதான். ஆனா உங்க ஸ்பேர் சாவி இப்ப எங்க இருக்குன்னு எழுந்து போய் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. இன்சூரன்ஸ்காரன் உங்ககிட்டயும் ரெண்டுதான் கேப்பான் :-)